ஈஸ்டர் முடிந்து வந்து சேருங்கள்

ஒவ்வொரு மாதமும் கடைசி வேலை நாளன்று என் கைப்பேசி ஒருமுறை அதிரும். ஓய்வூதியம் வங்கியில் விழுந்துவிட்டது என்ற செய்தி. நான் ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. கடைசியாக வாங்கிய சம்பளத்தைவிட இப்போது அதிகமாகவே வாங்குகிறேன். அதற்காக நான் செய்ய வேண்டிய வேலை சாகாமல் இருப்பது மட்டுமே. எண்பது வயதைத் தொட்டால் இருபது சதவீதம் கூட்டித் தருவார்கள். நான் போன பிறகு என் மனைவிக்கு ஒரு பங்கு உண்டு.

இது எந்த அரசாங்கத்துக்கும் கட்டுப்படியாகாது என்பதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஐம்பத்தெட்டில் ஓய்வு பெறுகிறவன் அறுபத்தைந்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவான் என்ற நம்பிக்கையில் எழுதிய விதிகள் அவை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கண்டுபிடித்தவர்கள் நிதித்துறையைக் கலந்து பேசவில்லை. எனவே ஒரு கட்டத்தில் கோடு போட்டார்கள். ஏப்ரல் முதல் தேதிக்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம். அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்களுக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம், அரசின் பங்காக அதே அளவு, ஓய்வு பெற்றதும் மொத்தமாகக் கையில் கொடுத்துக் கதவைச் சாத்திவிடுவது.

கோடு போட்டதில் எனக்குப் புகார் இல்லை. எங்காவது போட்டே ஆக வேண்டும். ஆனால் அரசாணை வந்தது ஆகஸ்டில். ஏப்ரலிலிருந்தே அந்தக் கோடு அங்கே இருந்ததாக அதில் எழுதியிருந்தார்கள். நடுவில் இருந்த நான்கு மாதங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், தாங்கள் எந்தப் பக்கம் கால் வைத்தோம் என்று தெரியாமலே கால் வைத்தவர்கள். அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். அவரைச் சேர்த்தவன் நான்தான்.

அப்போது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு சிறிய அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். எங்கள் ஜீப் ஓட்டுநர் ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். அவருடைய மகனுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்ட கோப்பு பதின்மூன்று ஆண்டுகள் மேசை மேசையாக நகர்ந்தது. புதிதாக ஆள் எடுக்கத் தடை இருந்த காலத்தில், எந்தச் சந்து வழியாகவோ கசிந்து, இளநிலை உதவியாளர் நியமன ஆணை மார்ச் கடைசி வாரத்தில் வந்து சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு நாற்பதை நெருங்கிய மகனும் அவர் தாயாரும் என் மேசை முன்னால் வந்து நின்றார்கள்.

மகன் தேய்த்த சட்டை போட்டு, பையில் பேனா செருகி, மருத்துவத் தகுதிச் சான்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். "இன்னிக்கே சேந்துடறேன் சார்" என்றார்.

தாயார் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் கிராமம் அவர்களுடையது. "ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம் நடக்குது சார். எங்காளுங்க இதுல நல்லது எதுவும் ஆரம்பிக்க மாட்டோம். பதிமூணு வருசம் பொறுத்தாச்சி. ஈஸ்டர் பூசையில நெனச்சிக்கினு மறுநாளு வந்து சேரட்டும். இன்னா சார், சேத்துக்குவீங்கல்ல?"

"ஃபாதரே ஒண்ணும் சொல்லலம்மா. கல்யாணம்தான் கூடாது, வேலைக்குப் போலாம்னுட்டாரு" என்றார் மகன்.

"ஃபாதருக்கு இன்னா, அவரு வேலைக்குச் சேந்து முப்பது வருசமாச்சி."

மார்ச் கடைசி வாரம் என்றால் அரசு அலுவலகத்தில் எப்படியிருக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆண்டு முழுக்கத் தூங்கிய செலவுப் பட்டியல்கள் எல்லாம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் கருவூலத்துக்குப் போயாக வேண்டும். அந்த நேரத்தில் ஒருவரைச் சேர்ப்பதென்றால் பணிப்பதிவேடு திறக்க வேண்டும், சேமநிதி எண் கேட்டு எழுத வேண்டும், நான்கு நாள் சம்பளத்துக்குத் தனியாக ஒரு பட்டியல் போட வேண்டும். எனக்கு அதில் விருப்பமில்லை. அந்த அம்மாள் கேட்டது எனக்கு வசதியாக இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மார்ச்சில் சேர்ந்தால் அவருடைய ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரியில் வரும். ஏப்ரலில் சேர்ந்தால் மூன்று மாதம் தள்ளி ஏப்ரலில்தான் வரும். அது எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருந்தால் தாயாரின் கையை உதறிவிட்டு அவர் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பார். நான் சொல்லவில்லை.

"ஆணையிலேயே முப்பது நாள் அவகாசம் இருக்கு. ஒண்ணும் அவசரம் இல்ல. ஈஸ்டர் முடிஞ்சு வந்து சேருங்க" என்றேன். "ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

முப்பது நாளுக்குள் சேருவதற்குக் கடிதம் எதுவும் தேவையில்லை. ஆனால் என் கோப்புகளில் ஒரு செயலுக்குப் பின்னால் ஒரு காகிதம் இருக்கும். முப்பத்தைந்து ஆண்டுகளில் தணிக்கையில் என் பெயருக்கு ஒரு ஆட்சேபணை வந்ததில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்: சமய வழக்கம் காரணமாகத் தமக்குப் பணியேற்கக் கால அவகாசம் வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்வதாக. அழகான கையெழுத்து. கோப்பில் பதினேழாம் பக்கமாகக் கட்டினேன். தாயார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை முற்பகல் அவர் பணியில் சேர்ந்தார். எல்லோருக்கும் கேக் கொடுத்தார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்டில் அரசாணை வந்ததும் முதலில் படித்தவன் நான். அவரைக் கூப்பிட்டு மேசையில் வைத்துக் காட்டினேன். மூன்று முறை படித்தார். பிறகு, "மூணு வாரம் சார்" என்றார். பழைய திட்டத்துக்கு உரிய சேமநிதி எண்ணுக்காக அனுப்பியிருந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, புதிய திட்டத்துக்கான படிவத்தை நீட்டினேன். அந்தப் படிவத்தையும் அவர் அழகாகவே நிரப்பினார். நாங்கள் இருவரும் ஒரே அறையில் அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தோம். அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. நான் ஓய்வு பெற்ற நாளில் கழுத்தில் மாலை போட்டு என்னைப் படப்பையில் என் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டவரும் அவர்தான்.

அவர் முறை வந்தபோது யாரும் வீடு வரை போனதாகத் தெரியவில்லை. கையில் வந்த மொத்தத் தொகையில் பாதி மகளின் கல்யாணத்துக்கும் மீதி வீட்டுக் கடனுக்கும் போயிற்று. ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். வருகிற லாரியின் எண், நேரம், ஓட்டுநர் பெயர் எல்லாம் நோட்டில் எழுத வேண்டிய வேலை. அந்தக் கேட்டில் அவ்வளவு சுத்தமான நோட்டை அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பத்துத் தலைப்பு போட்டுக் கோடு கிழித்து, பக்க எண் போட்டிருந்தார்.

வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தால் அல்ல. தாயாரின் குடும்ப ஓய்வூதியத்தால். கணவர் ஜீப் ஓட்டியதற்காக அந்த அம்மாளுக்குப் பழைய திட்டத்தில் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. எண்பதைத் தாண்டியதால் கூடுதல் சதவீதமும் சேர்ந்துவிட்டது. இருபது வருடம் அரசாங்கத்தில் வேலை பார்த்து முடித்த அறுபது வயது மகனைத் தாய் உட்கார வைத்துச் சோறு போட்டாள்.

என்னைப் பார்க்க வேண்டும் என்று மகன் போன் செய்தபோது கேட்டுக்கு எதிரிலிருந்த டீக்கடைக்கு நானே போனேன். ஷிப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றிருந்தன. பெஞ்சில் எங்கள் பக்கத்தில் சீருடையோடு ஒரு ஒப்பந்தத் தொழிலாளி, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், அவரிடம் வம்பு வளர்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, கவருமெண்டுல இருவது வருசம் ஃபேனுக்கு அடியில இருந்துட்டு, இப்பம் எங்களுக்குக் கேட்டத் தொறந்து விடுதீரு. எங்களப் பாத்தா உமக்கு வயிறு எரியாதா?"

"எரியறதுக்கு உங்கிட்ட இன்னா கீது? ரெண்டு வருசத்துல உன்னயும் கழட்டி விட்டுடுவான். அப்பயும் நான்தான் கேட்டத் தொறப்பேன்."

அவன் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தான். "சார் யாரு?"

"சாரு பழைய பென்சன்."

"ஓஹோ. அப்பம் இவருக்குச் சம்பளம் நாங்கதாம் குடுக்கோம். இந்த டீக்கும் வரி கட்டுதம்லா." எழுந்தவன், "சார், டீக்காசு நீங்க குடுத்துருங்க. எங்க வரியெல்லாம் உங்ககிட்டத்தான வருது" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். நான் கொடுத்தேன். அவன் சொன்னதில் தவறு எதுவும் இல்லை.

பிறகுதான் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சுற்றறிக்கையின் நகலை எடுத்தார். எங்கள் துறையில் வந்தது. நியமன ஆணை ஏப்ரலுக்கு முன் தேதியிட்டிருந்தும், நிர்வாகக் காரணங்களால் தாமதமாகப் பணியேற்றவர்கள் தங்களைப் பழைய திட்டத்தின்கீழ் கொண்டுவரக் கோரி மனுச் செய்யலாம். தங்கள் சொந்தக் கோரிக்கையின்பேரில் தாமதித்தவர்களுக்கு அது பொருந்தாது. நான் ஏற்கெனவே படித்திருந்தேன். படித்த கணமே பதினேழாம் பக்கம்தான் நினைவுக்கு வந்தது.

"நீங்க சொன்னத எழுதிக் குடுங்க சார். அப்புறம் வந்து சேருன்னு சொன்னீங்கல்ல. நான் அன்னிக்கே சேர்றேன்னுதான வந்தேன். வேற எதும் வாணாம்."

"உங்க கையெழுத்துல லெட்டர் இருக்குதே."

"நீங்க சொல்லித்தான எழுதனேன் சார்."

"அது லெட்டர்ல இல்லையே."

அவர் டம்ளரை வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்தார். கன்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. "அம்மாவுக்கு இது தெரியாது சார். எல்லாருக்குமே பென்சன நிறுத்திட்டாங்கன்னுதான் சொல்லி வச்சிருக்கறேன். எழுதிக் குடுக்கறதா இருந்தா இங்கயே குடுங்க. வூட்டாண்ட மட்டும் வந்துடாதீங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் கேட்டது பொய் அல்ல. அதை எழுதிக் கொடுத்தால் எனக்கு ஆபத்தும் இல்லை. ஓய்வு பெற்றவன் மேல் பழைய விஷயத்துக்காக நடவடிக்கை எடுக்க நான்கு ஆண்டுதான் வரம்பு. அது எப்போதோ கடந்துவிட்டது. ஆனாலும் என்னால் எழுத முடியவில்லை. நான் கட்டிய கோப்பு ஒன்றுக்குள், நானே போய், நான் கட்டியது சரியில்லை என்று ஒரு காகிதம் வைப்பதை என் கை ஒப்பவில்லை. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இருந்ததாக இன்றைக்கும் சொல்ல முடியாது. அவருடைய மீதி வாழ்நாளை ஒரு தட்டிலும் பதினேழாம் பக்கத்தை மறு தட்டிலும் வைத்தேன். பதினேழாம் பக்கம் கனமாக இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதித் தர முடியாது என்று போனில் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் மறுப்பதற்கும் ஒரு ஆதாரம் வேண்டும் என்று என் புத்தி கேட்டது. அன்றைக்கு நடந்ததற்கு எங்கள் இருவரையும் தவிர ஒரே ஒரு சாட்சிதான், அவருடைய தாயார். மகன் முதல் ஷிப்டில் இருந்த ஒரு காலை நேரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

தாயார் கட்டிலில் உட்கார்ந்து மருந்துப் பெட்டியிலிருந்து காலை மாத்திரைகளை எடுத்து உள்ளங்கையில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "எம்புள்ளயச் சேத்துக்கினவரு" என்று மருமகளிடம் சொன்னார். காப்பி வந்தது. நான் விஷயத்துக்கு வந்தேன். மகனை ஈஸ்டர் முடிந்து சேரச் சொன்னது யார் என்று கேட்டேன்.

"நான்தான். இன்னாத்துக்கு சார் கேக்கறீங்க?"

ஏப்ரல் முதல் தேதியைச் சொன்னேன். அதற்கு முன் சேர்ந்த எல்லோருக்கும் இன்றைக்கும் ஓய்வூதியம் வருகிறது, எனக்கும் வருகிறது என்பதையும், அவர் மகன் சேர்ந்தது மூன்று வாரம் தள்ளி என்பதையும் சொன்னேன். ஒரு விதியைப் புதிய எழுத்தருக்கு விளக்குவதுபோலத் தெளிவாக விளக்கினேன்.

அந்த அம்மாள் கையிலிருந்த மாத்திரைகளை மறுபடியும் பெட்டிக்குள் போட்டார். மருமகள் வாசலில் நின்று, "போதும் சார்" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை.

அந்த அம்மாள், "அவன் அன்னிக்கே சேர்றேன்னு சொன்னான்" என்றார். பிறகு, "எம்மேலதான் தப்புன்னு எழுதிக்கங்க சார். அவன் மேல இல்லன்னு எழுதிக்கங்க. நான் கையெழுத்துப் போடறேன். அப்ப குடுப்பாங்கல்ல?"

குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் தாமதம் என்று எழுதினால் மனு அத்தோடு செத்தது. அதை நான் சொல்லியிருக்க வேண்டும். பையில் வெள்ளைத் தாள் இருந்தது. அவர் சொன்னதை, அவர் சொன்னபடியே, ஆனால் சுத்தமான தமிழில் எழுதிப் படித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைக் கீழே போட்டார்.

அன்று பிற்பகல் இரண்டரை மணிக்கு, ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவரிடம் கேட்டருகே அந்தத் தாளைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். முடித்துவிட்டு, கடைசியில் இருந்த கையெழுத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"வூட்டாண்ட போனீங்களா சார்?"

"உண்மையத்தான் எழுதியிருக்கேன்."

"அதான் தெரியுதே" என்றார். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபப்படுவார் என்று பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். எதுவும் பயன்படவில்லை.

தாயாரின் தாளை வைக்காமலே அவர் மனுவை அனுப்பினார். நான்கு மாதத்தில் பதில் வந்தது. அலுவலகத்தில் இப்போதிருக்கும் கண்காணிப்பாளர் அதன் நகலை எனக்கும் காட்டினார், மரியாதைக்காக. மனுதாரர் தமது சொந்த விருப்பத்தின்பேரில் கால அவகாசம் கோரியது கோப்பின் பதினேழாம் பக்கத்தில் காணப்படுவதால் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல என்று தெரிவிக்கப்பட்டிருந்தது. "உங்க காலத்துக் கோப்பு சார். எல்லாம் எவ்வளவு கரெக்டா இருக்கு" என்றார். அந்த அம்மாளின் வாக்குமூலம் யாருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை. அவர் வீட்டுக்கு நான் போகாமல் இருந்திருந்தாலும் இதே பதில்தான், இதே வாக்கியத்தில் வந்திருக்கும்.

ஓய்வூதியர்கள் உயிரோடிருப்பதை ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து காட்ட வேண்டும். நேர்காணல் என்பார்கள். எனக்கும் அந்த அம்மாளுக்கும் அது ஒரே மாதத்தில் வரும். வீட்டுக்கே தபால்காரர் வந்து கைரேகை எடுத்துப்போகும் வசதி இருக்கிறது. அந்த அம்மாள் அதை நம்புவதில்லை என்றும், ஆபீசரே கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதாகவும் மருமகள் பிறகு சொன்னாள். இந்த முறை கருவூலத்து நாற்காலி வரிசையில் எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. மகன் நடை தளர்ந்த தாயாரைக் கொண்டுவந்து அங்கே உட்கார வைத்துவிட்டு, பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வணக்கம் சொன்னார். ஆறு மாதத்தில் அந்த அம்மாள் கொஞ்சம் தேறியிருந்தார். மாத்திரையை இப்போது நேரம் தவறாமல் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாராம், முட்டையும் சாப்பிடுகிறாராம்.

"சார், உங்களுக்குச் சட்டம் தெரியும்" என்றார் என் பக்கம் திரும்பி. குரலில் எந்தப் பகையும் இல்லை. "நான் போய்ட்டா இந்தப் பணம் அவனுக்கு வருமா?"

"வராதும்மா."

"கை கால் வராத புள்ளைங்களுக்குக் குடுக்கறாங்களாமே. எங்க தெருவுல ஒரு பொண்ணு வாங்குது."

"குடுப்பாங்க. சம்பாதிக்க முடியாத அளவுக்குக் குறை இருந்தா, சாகுற வரைக்கும் குடுப்பாங்க."

"அவனுக்கு இப்பல்லாம் முட்டி வலி. ராவுல நடக்கவே மாட்டறான். டாக்டராண்ட எழுதி வாங்கனா?"

"இப்ப வந்த குறைக்குக் கிடையாதும்மா. அவங்க அப்பா வேலையில இருக்கும்போதே அந்தக் குறை இருந்திருக்கணும்."

விதி அதுதான். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் கணவர் உயிரோடிருந்த காலத்துக்குப் போய், மகனைத் தலையிலிருந்து கால் வரை தடவித் தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அப்ப நல்லாத்தான் சார் இருந்தான்" என்றார் கடைசியில், ஏதோ ஒரு சான்றிதழைக் கொண்டுவர மறந்தவர் மன்னிப்புக் கேட்பதுபோல.

பின்னால் நின்றவருக்கு அத்தனையும் கேட்டது. கவுண்டர் கூண்டுக்குள்ளிருந்து தாயாரின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து, தாயாரை அப்படியே இரண்டு கையாலும் அள்ளி எடுத்து, வரிசையைக் கடந்து மேசை வரைக்கும் நடந்தார். அறுபத்தொரு வயதில் முதுகு நிமிர்ந்திருந்தது, கால் தடுமாறவில்லை. எந்த மருத்துவரும் அவருக்கு எதுவும் எழுதித் தரமாட்டார்.